பதினான்காம் வட்டாரம் காலியாக இருந்தபோது

ராசா,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு பெண்மணி பிள்ளைப்பேற்று லீவில் போகிறார், அவர் திரும்பி வரும்வரை ஒரு வருடத்துக்கு அந்தப் பிரிவை நீ பொறுப்பெடுக்கப் போகிறாய் என்றாய். நான் சந்தோஷத்தில் வாய் திறக்க முன்னரே, "வெறும் பதில் ஆள்தான் அம்மா. அவ வந்தவுடன நான் இறங்கவேணும். ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாய். நான் ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு குசினிக்குள் போய், தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றும்வரை நின்றேன். அந்த "வெறும்" எனக்குப் பிடிக்கவில்லை. பதில் ஆளாக நின்றுதான் உன் அம்மா இந்த நாட்டில் முதன்முதலாக நிமிர்ந்து நடந்தாள். அதை உனக்கு நான் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்ன நேரங்களிலும் எனக்கு வசதியான பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும். எடுக்கட்டும். பெட்டி கட்டி முடித்த பிறகு ஆறுதலாக இருந்து வாசி. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் இதில் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன், கோபிக்காதே. தாய் தகப்பன் இங்கே வந்த புதிதில் எப்படி இருந்தார்கள் என்று உன் வயதுப் பிள்ளைகள் கேட்பதுமில்லை, நாங்கள் சொல்வதுமில்லை. இரண்டு பக்கத்துப் பிழையும்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு முடிவில் நானும் அப்பாவும் பீலெஃபெல்ட்டுக்கு வந்து சேர்ந்தபோது நீ என் வயிற்றில் ஏழு மாதம். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை வேலை செய்யக் கூடாது என்று எங்கள் தாள்களிலேயே முத்திரை குத்தியிருந்தார்கள். நில அளவைக் கந்தோரில் பத்து வருடம் வேலை செய்த மனுஷன், ஜன்னலோரம் நின்று முன்வீட்டுக் கிழவர் பனி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டே, "இஞ்சரும், நான் போய் அள்ளிக் குடுக்கட்டே?" என்று கேட்பார். அதையும் வேலை என்று யாராவது எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் நான் மறிப்பேன். அந்த நாட்களில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஜேர்மன் சொல் 'அன்ட்ராக்'. விண்ணப்பம். இங்கே இருக்க ஒரு அன்ட்ராக், உனக்குக் குளிர் சப்பாத்து வாங்க ஒரு அன்ட்ராக், அடுத்த மாவட்டத்தில் இருந்த சித்தப்பாவைப் போய்ப் பார்க்க ஒரு அன்ட்ராக். ஒவ்வொன்றின் அடியிலும் தயவுசெய்து, தயவுசெய்து என்று எழுதி எழுதி, அந்தச் சொல்லை நான் நித்திரையிலும் எழுதுவேன் என்று அப்பா பகிடி பண்ணுவார். பகிடி பண்ணிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எண்பத்தாறில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போனார். காலை பத்து மணிக்குப் போனால் நீ படுத்த பிறகுதான் வருவார். அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் உனக்குக் கிண்டர்கார்டனில் இடம் கிடைத்தது. பகல் இரண்டு மணி வரை பிள்ளைகளை வைத்திருக்கும் இடம் அந்தப் பக்கத்திலேயே அது ஒன்றுதான். அதன் பிறகுதான் நான் வேலை தேடினேன். தபால் கந்தோரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பொறுப்பாளர் ஹெர் க்ரோகர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "சைக்கிள் ஓடுவீங்களோ?" பன்னிரண்டு வயதிலிருந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவளிடம் கேட்கிறார். முற்றத்தில் நின்ற அந்தப் பாரமான மஞ்சள் சைக்கிளை எடுத்து, முன்னும் பின்னும் பெட்டி கட்டியபடியே இரண்டு சுற்று ஓடிக் காட்டினேன். சேலை இல்லை, காற்சட்டை. ஆனால் கொண்டை கலையவில்லை. வேலை கிடைத்தது.

எங்கள் கந்தோரில் ஊரைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் கொடுத்திருந்தார்கள். பழைய தபாற்காரருக்கு ஆளுக்கொரு வட்டாரம் சொந்தம். அவர் அதே தெருக்களுக்கு வருடக்கணக்காகப் போவார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கிழவி கதவு திறக்கப் பத்து நிமிடம் எடுப்பாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சொந்த வட்டாரம் இல்லாதவர்களுக்கு 'ஸ்பிரிங்கர்' என்று பெயர். பாய்கிறவர். நாங்கள் நாலைந்து பேர். காலை ஆறு மணிக்குக் க்ரோகர் வந்து அன்றைக்கு யார் வரவில்லையோ அவருடைய இலக்கத்தைச் சொல்வார். இன்று ஏழு, நாளை பத்தொன்பது, மறுநாள் மலைப்பக்கம் முப்பத்தொன்று. தெரியாத தெருக்களின் கடிதங்களை அடுக்கவே எனக்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஒருநாள் பன்னிரண்டரைக்கு முடியும், இன்னொரு நாள் மூன்று மணிக்கும் முடியாது. எத்தனை மணிக்கு முடியும் என்று காலையில் ஒருவராலும் சொல்ல ஏலாது.

அதனால் நஷ்டப்பட்டது நீதான். மார்கழியில் மூன்று தடவை பிந்தினேன். மூன்றாம் தடவை நான் ஓடி வந்தபோது, மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய், கதிரைகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நீ தொப்பியும் கையுறையும் போட்டபடி வாசல் வாங்கில் இருந்தாய். வியர்த்திருந்தது. கழற்றினால் அம்மா வரும்போது சுணங்கும் என்று கழற்ற மாட்டேன் என்றாயாம். பொறுப்பாசிரியை கோபமான பெண் அல்ல. மெதுவாகத்தான் சொன்னார்: "எங்களுக்கும் வீடு இருக்கு. இதே மாதிரி இன்னும் நடந்தால், வசந்த காலத்தில இந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுக்கவேண்டி வரும்." உன் இடம் போனால் என் வேலை போகும். வேலை போனால் மறுபடி ஜன்னலோரம்.

அறிவித்தல் பலகைக்கு வருகிறேன். காலை இடைவேளையில் மற்றவர்கள் ரொட்டி சாப்பிடும்போது நான் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று தெரியாத சொற்களைக் கொப்பியில் எழுதுவேன். ஜேர்மன் படிக்க எனக்கு வேறு வகுப்பு இருக்கவில்லை. ஒருநாள், காற்பந்துக் குழுவின் அதிர்ஷ்டச் சீட்டு அறிவித்தலுக்குக் கீழே மஞ்சளாகிப்போன ஒரு தாளின் ஓரம் தெரிந்தது. மேலே இருந்ததைத் தூக்கிப் பார்த்தேன். தொழிற்சங்கமும் கந்தோரும் செய்துகொண்ட ஒப்பந்தம். தலைப்பில் இருந்த சொல்லை எழுதிக்கொண்டுபோய் வீட்டில் அகராதியைப் புரட்டினேன். 'தற்காலிகமாக'. தற்காலிகமாகக் காலியாகும் வட்டாரங்கள். நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து எழுதி முழுவதையும் விளங்கிக்கொண்டேன். சொந்தத் தபாற்காரர் இரண்டு கிழமைக்கு மேல் வராவிட்டால் அந்த வட்டாரம் தற்காலிகமாகக் காலி. அதைப் பலகையில் மூன்று நாள் அறிவித்தலாக ஒட்ட வேண்டும். ஸ்பிரிங்கர் எவரும் அதை எழுத்தில் கேட்கலாம். கேட்டவர்களில் யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தாரோ அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு, சொந்தக்காரர் திரும்பும் நாள் வரை அவரை வேறு இடத்துக்கு மாற்ற ஏலாது. நான் மூன்று முறை வாசித்தேன். எந்த இடத்திலும் 'தயவுசெய்து' என்ற சொல் இருக்கவில்லை.

அந்தத் தையில் தெருவெல்லாம் கண்ணாடிபோல உறைந்திருந்தது. பதினான்காம் வட்டாரத்து ஹெர் டீமன் விழுந்து கால் முறிந்து ஆசுபத்திரிக்குப் போனார். பதினான்கு நல்ல வட்டாரம். மேடு பள்ளம் இல்லை, படிகள் குறைவு, பழகிவிட்டால் ஒரு மணிக்கு முடிக்கலாம். இரண்டு கிழமை கடந்தது, மூன்றாவதும் வந்தது. அறிவித்தல் ஒட்டப்படவில்லை. க்ரோகரோடு காற்பந்து விளையாடும் யூர்கன், நத்தாருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன், ஒவ்வொரு நாளும் பதினான்கை எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிறு மதியம் அப்பாவுக்கு லீவு. பதினான்கை எழுத்தில் கேட்கப் போகிறேன் என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "உது அவையளின்ர ஆக்களுக்கு எழுதினது. எங்களுக்கில்லை."

"அப்பிடி எழுதேல்லை. ஸ்பிரிங்கர் ஆரும் எண்டுதான் இருக்கு."

"இருக்கலாம். ஆனா நாங்கள் வந்து இருக்கிற இடம். வாயைத் திறந்தா நாளைக்கு வேலையும் இல்லையெண்டுவான். உமக்கேன் உந்த வேலை?"

"பிள்ளையின்ர இடம் போனா வேலை தானாப் போகும்தானே. கேட்டுப் போனா என்ன, கேளாமல் போனா என்ன?"

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "எழுதிறதெண்டா பிழை இல்லாமல் எழுதும். நான் அகராதி பாக்கிறன்" என்றார். உன் அப்பா அப்படித்தான். முதலில் பயப்படுவார். பிறகு பக்கத்தில் வந்து இருப்பார்.

திங்கட்கிழமை க்ரோகரிடம் போனேன். முதல்நாள் முழுவதும் பாடமாக்கிய இரண்டு வசனங்கள். பதினான்கு தற்காலிகமாகக் காலி. அறிவித்தல் எங்கே? அவர் என்னைப் பார்த்த விதம், மேசை பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"ஆர் சொன்னது உங்களுக்கு?"

"பலகையில இருக்கு. வாசிச்சனான்."

"அது பழைய தாள். அதை இஞ்ச ஒருத்தரும் பாவிக்கிறேல்லை."

"பாவிக்காட்டி ஏன் ஒட்டி இருக்கு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். க்ரோகர் சிவந்துபோய், வேலை நேரம் வேலையைப் பாருங்கள் என்றார். அன்றைக்கு எனக்கு முப்பத்தொன்றைக் கொடுத்தார், மலைப்பக்கம். அவர் கெட்ட மனுஷன் இல்லை, ராசா. வசதி தேடுகிற மனுஷன். ஒரு வழக்கத்தில் நாலு வருடம் சுகமாக இருந்துவிட்டால் அதுவே விதி என்று எல்லோருக்கும் தோன்றும். அன்று பின்னேரம் உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு பார்சல் பக்கத்தில் வேலை செய்த ஹெர் வீபேயிடம் போனேன். தொழிற்சங்கப் பிரதிநிதி. பெருத்த உடம்பு, சின்னக் குரல். என் கொப்பியை வாங்கி, நான் எழுதியிருந்த விதியை வாசித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "இதைப் போட நாங்கள் ரண்டு வருஷம் சண்டை பிடிச்சனாங்கள். பிறகு எங்களுக்கே மறந்துபோச்சு." அடுத்த நாள் காலை அறிவித்தல் பலகையில் இருந்தது. வட்டாரம் பதினான்கு, தற்காலிகமாகக் காலி, மூன்று நாள்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் உனக்குச் சொல்லாமல் விட்ட பாதி.

எங்களோடு மிலிட்சா என்று ஒரு ஸ்பிரிங்கர் இருந்தார். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஜேர்மன் கடகடவென்று பேசுவார். தெருப் பெயரும் ஆட்களின் பெயரும் வாசிப்பார்; ஆனால் கந்தோர் எழுத்து ஒரு வரிகூட அவருக்கு விளங்காது. அந்தப் பலகையின் பக்கமே திரும்ப மாட்டார். இடது முழங்கால் வீங்கி, படி ஏறும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறுவார். அவர் எனக்கு மூன்று கிழமை முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். விதிப்படி பதினான்கு அவருடையது, கேட்டால். கேட்க அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

மூன்று நாளும் இடைவேளையில் அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் ரொட்டி சாப்பிட்டேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ச் சம்பலை அவருக்கும் பூசிக் கொடுத்தேன். ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் என்னுடைய அன்ட்ராக்கும் யூர்கனுடையதும் மட்டும்தான் பெட்டியில் இருந்தன. க்ரோகர் சேர்ந்த திகதிகளைப் பார்த்து, தொண்டையைச் செருமி, "பதினான்கு உங்களுக்கு" என்றார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பெருமையையும் உனக்கு மறைக்கப் போவதில்லை. இந்த நாட்டில் நான் எழுதிய விண்ணப்பங்களுக்குள்ளே, ஒருவரும் எனக்கு இரங்காமல், விதி இது என்பதற்காகவே கிடைத்த முதலாவது அது. இரண்டு கிழமைக்குள் பதினான்கின் ஒவ்வொரு கதவும் எனக்குப் பாடம். ஒன்றேகாலுக்கு முடித்து, உடுப்பு மாற்றாமலே வந்து, மற்ற அம்மாமாருக்கு முன்னால் உன் கிண்டர்கார்டன் படலையில் நிற்பேன். "இது என்ர அம்மா, கடிதம் எல்லாம் இவதான் குடுக்கிறவ" என்று நீ எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாய். கடிதம் எழுதுவதும் நான்தான் என்று நினைத்தாயோ தெரியாது.

பங்குனியில் ஒருநாள் மிலிட்சா நொண்டிக்கொண்டு வந்து இடைவேளை மேசையில் இருந்தார். முப்பத்தொன்றில் ஐந்து நாள் தொடர்ந்து ஓடியிருக்கிறார். காலை இன்னொரு கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு நல்ல அதிர்ஷ்டம். எனக்கும் அப்பிடி மேடு பள்ளம் இல்லாத வட்டாரம் ஒண்டு கிடைச்சா, இந்தக் கால் கொஞ்சம் ஆறும்."

அது அதிர்ஷ்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன். விதி இருந்தது, அறிவித்தல் ஒட்டினார்கள், நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்குத்தான் கிடைத்திருக்கும், எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. என் உடைந்த ஜேர்மனில் அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று நினைக்கிறாய்! முடிந்ததும் அவர் மெதுவாகக் காலை இறக்கினார். "எனக்கும் உனக்கும் வித்தியாசம், உனக்கு வாசிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் எண்டு நினைச்சிருந்தன்" என்றார். கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

வீபேயிடம் போய்க் கேட்டேன். நான் பதினான்கைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி அறிவித்தல் ஒட்டலாம், மிலிட்சா கேட்கலாம் என்றார். உண்மையைச் சொல்கிறேன், நான் கொடுக்கவில்லை. வாசல் வாங்கில் தொப்பியோடு வியர்த்துக்கொண்டிருந்த உன்னை நினைத்தேன், கொடுக்கவில்லை. வைத்திருந்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்தது பிழை, அதில் சந்தேகமே இல்லை. நீ ஒரு பிரிவுக்குப் பொறுப்பாகப் போகிறாய். உனக்குத் தெரிந்தது உனக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் தெரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார். மற்றவர் அறியாததால் கிடைக்கிற வெற்றியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது உடம்பில் ஒட்டாது. நான் கொண்டுவந்து பார்த்தவள்.

சித்திரையில் டீமன் நொண்டி நொண்டித் திரும்பி வந்தார், எதிர்பார்த்ததற்கு ஒரு மாதம் முந்தி. அன்றே இறங்கினேன். இரண்டரை மாதம் அவருடைய வட்டாரத்தில் என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன். யார் வீடு மாறினார்கள், எந்த வீட்டில் புது நாய், எந்தக் கிழவர் இறந்துபோனார். அவர் நின்றபடியே வாசித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நான் இல்லாமலே ஒழுங்கா நடத்தியிருக்கிறியள்" என்றார். இறங்குகிற நாளில் ஒருவருக்குக் குனிய வேண்டியதில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். நன்றாக வைத்திருந்து கொடுப்பவன் பதில் ஆளாக இருந்தாலும் ஆள்தான்.

மறுபடி நான் பாய்கிறவள். கிண்டர்கார்டனில் இரண்டு தடவை பிந்தினேன். பொறுப்பாசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார், அது போதும். வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, க்ரோகர் தானாகவே, ஒருவரும் கேளாமல், ஒரு அறிவித்தல் ஒட்டினார். இருபத்திரண்டாம் வட்டாரத்துக்காரர் ஆறு கிழமை சிகிச்சை விடுதிக்குப் போகிறார். இருபத்திரண்டு பதினான்கைவிட நல்லது. உன் கிண்டர்கார்டன் தெருவே அதற்குள்தான் இருந்தது. என் அன்ட்ராக்கை நின்ற நிலையில் எழுதி முடித்தேன். மிலிட்சா தூர மேசையில் எனக்கு முதுகு காட்டி இருந்தார். அந்த இரண்டு மாதமும் காலை வணக்கம் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

போய் முன்னால் இருந்தேன். "மிலிட்சா, பலகையில ஒண்டு இருக்கு. வாசிக்கிறன், கேளுங்கோ." முழுவதையும் வாசித்தேன். விதியையும் வாசித்தேன். "உங்கட திகதி என்ரயைவிட முந்தினது. நீங்கள் கேட்டா உங்களுக்குத்தான்."

"நீ கேக்கேல்லையோ?"

"கேட்டிருக்கிறன். இஞ்ச பாருங்கோ. எனக்கும் வேணும்."

அவர் என் தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினார். "அப்ப எனக்கும் எழுது." எழுதினேன். அவர் கையெழுத்து வைத்தார். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டோம். வியாழக்கிழமை க்ரோகர் திறந்து பார்த்து, இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு என்னைக் கூப்பிட்டார். "நீங்கள் எழுதிக் குடுத்திராட்டி இது உங்களுக்கு வந்திருக்கும், தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

அவர் அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் மேசையைப் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மிலிட்சா என்னைத் தேடிவந்தார். உன் கிண்டர்கார்டன் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டார். சொன்னேன். "நான் பன்னிரண்டரைக்கு அந்தத் தெருவில முடிப்பன். பெடியனை நான் கூட்டிக்கொண்டு வாறன். அவைக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு வாசிக்கத் தெரியாட்டியும் அவைக்குத் தெரியும்தானே" என்றார். சிரிக்கவில்லை. கோபம் முழுதாக ஆறிய முகமும் அல்ல அது. ஆனாலும் ஆறு கிழமை, மழையிலும் வெயிலிலும், மஞ்சள் சைக்கிளை உருட்டிக்கொண்டு உன்னைக் கையில் பிடித்துக் கந்தோருக்கு நடத்திக் கூட்டி வந்தார். நான் மலைப்பக்கத்திலிருந்து வந்து சேரும்போது நீங்கள் இருவரும் சாப்பாட்டு அறையில் இருப்பீர்கள். அவர் காலை நீட்டியிருப்பார். நீ சிவப்பு மிளகாய்ப் பசை பூசிய ரொட்டி தின்றுகொண்டு அவருக்குத் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பாய். ஒருநாள், எந்த நாள் என்று நினைவில்லை, அவர் என் ரொட்டியிலிருந்து சம்பலைக் கேளாமலே எடுத்துப் பூசிக்கொண்டார். அன்றைக்குத்தான் நாங்கள் சமாதானமானோம் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். உன் இடம் போகவில்லை. அடுத்த ஆண்டும் நீ அங்கேதான் இருந்தாய்.

பிறகு ஒவ்வொரு திங்களும் இடைவேளையில் நான் பலகையை உரத்து வாசிப்பது வழக்கமாயிற்று. முதலில் மிலிட்சாவுக்கு மட்டும். பிறகு ஒரு துருக்கிக்காரர், ஒரு கிரேக்கப் பெண், கடைசியில் யூர்கனும் வந்து கேட்டான். அவனுக்கு வாசிக்கத் தெரியும், சோம்பல். எண்பத்தொன்பதில் வீபே தன் பிரதிநிதி இடத்துக்கு என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னார். அப்பாவிடம் சொன்னபோது இம்முறை அவர் பயப்படவில்லை. "கையெழுத்தை மட்டும் கொஞ்சம் வடிவா வையும்" என்றார். தெரிந்தெடுத்தார்கள், ராசா. பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஆட்கள் என் பெயருக்கு நேரே புள்ளடி போட்டார்கள்.

பிரதிநிதியாக நான் செய்த முதல் வேலை, அந்த மஞ்சள் தாளைக் கழற்றிவிட்டு விதியைப் புதிதாக எழுதி ஒட்டியது. எளிய ஜேர்மனில் ஒன்று. மிலிட்சா சொல்லச் சொல்ல அவருடைய மகள் அவர்களின் மொழியில் எழுதியது ஒன்று. துருக்கி மொழியில் ஒன்று, கிரேக்கத்தில் ஒன்று. கடைசியில் தமிழில். க்ரோகர் வந்து பார்த்து, இதை வாசிக்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். காலியான வட்டாரம் வரும்போதெல்லாம் ஐந்து மொழியிலும் அறிவித்தல் ஒட்டினேன். தமிழை ஒருவரும் வாசிக்காமலே கழற்றுவேன். நீ சிரிப்பாய், ஆனால் அதை எழுதும்போது எனக்கு இருந்த கர்வத்தை உனக்கு எப்படிச் சொல்ல? அந்தப் பலகையில் எங்கள் எழுத்து தயவு கேட்டு நிற்கவில்லை. மற்றவர்களுக்குப் பக்கத்தில், ஒரே உயரத்தில் நின்றது.

இதை வாசித்துவிட்டு நீ என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம். ஆக்களுக்கு நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மாமிக்கும் சித்தப்பாவுக்கும் திங்களன்றே சொல்லியாயிற்று. என் பிள்ளை ஒரு வருடத்துக்கு ஒரு பிரிவை நடத்தப் போகிறான் என்றுதான் சொன்னேன். 'வெறும்' சொல்லவில்லை.

நான் பிரதிநிதியான ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, கடிதம் அடுக்கிக்கொண்டு நின்றேன். புதிதாக எடுத்த ஆட்கள் மூன்று பேர் அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்றார்கள். இரண்டு பேர் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மூன்றாமவர், நடுவயதுக்காரர், நனைந்த கோட்டோடு, நகரவில்லை. கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் இருந்த தமிழ்த் தாளை உதடு அசைய வாசிக்கத் தொடங்கினார். எங்களைப்போலவே அகதி விண்ணப்பம் முடிவாகாமல் நாலு வருடம் வேலை செய்ய விடப்படாமல் இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. வாசித்து முடித்துத் திரும்பி, அறை முழுவதும் தேடி, என்னைக் கண்டார்.

"அக்கா... உது ஆர் எழுதினது?"

"நான்தான் அண்ணை. மூண்டு நாள்தான் ஒட்டியிருக்கும். உங்களுக்கு வேணுமெண்டா எழுதுங்கோ, அது உங்கட உரிமை. பேனை இருக்கே?"

உன் வெற்றியைக் கேட்டு வயிறு குளிர்ந்திருக்கும்,
அம்மா